மண் ஒட்டாத துவாய்கள்: குவாதலூப் தீவில் இருபத்து மூன்று நாள்

சுவிசிலிருந்து கரீபியன் தீவுக்குப் போவது எப்படி என்று கேட்டு எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. சரி, ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் என் மனுசியின் தங்கைமார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டு போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலையிலும் நேரத்திலும் பிழை இருக்காது. அவற்றை அன்றன்றே ரயில் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். லாங்கன்தாலில் ஒரு இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். எனக்குக் கீழே நாற்பது பேர். (மெசினையும் சேர்த்துத்தான்.) போன இலையுதிர்காலத்திலிருந்து ஓடர் குறைந்துவிட்டது. எங்களுக்குக் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ போட்டார்கள். ஆளை நிறுத்தாமல் வேலை நாளைக் குறைக்கிற ஏற்பாடு அது. கிழமைக்கு மூன்று நாள் வேலை, மிச்ச நாள் வீட்டில் மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது. தை மாதம் ஒரு கடிதம் வந்தது. அறுபது தாண்டியவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு எடுக்கலாம், மார்ச் நடுப்பகுதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று. எனக்கு அறுபத்தொன்று.

அதே கிழமைதான் தவம் கதைத்தான். தவமும் நானும் தொண்ணூற்றொன்றில் தூண் என்ற ஊரின் ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்றாக அறை துப்பரவாக்கியவர்கள். பிறகு அவன் லோசான் பக்கம் போய்ப் பிரெஞ்சுக்காரன் மாதிரி ஆகிவிட்டான். நான் ஜெர்மன் மொழி பேசி டொச்சுக்காரனாகிவிட்டேன். நாலு வருடத்துக்கு முன் குவாதலூப்பில் ஏழு அறை உள்ள விருந்தினர் இல்லம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டான். மனுசியும் பிள்ளைகளும் லோசானில்தான். ஆனால் எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சுவிஸ் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருவருக்கொருவர் கதைப்போம். முப்பது வருடமாக அந்தக் கதை ஒரே மாதிரித்தான் தொடங்கும். “எப்பிடிப் போகுது?” “ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு?” “எனக்கும் ஒரு குறையும் இல்லை.” அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

“அண்ணை, ஏழு அறையும் எப்பவும் ஃபுல். என்ர ரெண்டு கை காணாது. நீங்கள் பாதியை எடுங்கோ. அக்காவும் நீங்களும் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கலாம்,” என்றான்.

எனக்குக் குர்ட்ஸ்ஆர்பைட் என்று அவனுக்குத் தெரியாது. லீவு குவிந்துபோய்க் கிடக்கிறது, முதலாளி எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று சொன்னேன். ஓய்வுக் கடிதத்தை உறையோடு பெட்டிக்குள் வைத்தேன். அங்கே பார்த்துப் பிடித்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது, ஓய்வுப் பணத்தில் தவத்தின் பாதியை எடுப்பது என்பது என் திட்டம். என் மனுசி பவானி திட்டத்தைக் கேட்டுவிட்டு, “முதல்ல போய்ப் பாப்பம்,” என்றாள். முப்பத்து நாலு வருடக் கல்யாணத்தில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இனிப் பயணம். பெப்ரவரி முதல் கிழமை, காலை ஏழரைக்கு லாங்கன்தாலில் ரயில் ஏறினோம். ஓல்டனில் மாறி பாசல், பாசலிலிருந்து பாரிசுக்கு அதிவேக ரயில், மூன்று மணி ஐந்து நிமிடம். முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 49 பிராங். அன்றிரவு பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் தங்கினோம், அறை 72 யூரோ. மசாலைத் தோசையும் கோப்பியும் 9 யூரோ. மறுநாள் பதினான்காம் இலக்க மெட்ரோ உங்களை நேரே ஓர்லி விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும், 13 யூரோ. டாக்சிக்காரர் சூட்கேசைப் பிடித்து இழுப்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

விமானம் பகல் பன்னிரண்டு பத்துக்கு. போகவர ஆளுக்கு 618 யூரோ. எட்டு மணி ஐம்பது நிமிடம் பறந்து, அங்கத்தைய நேரம் நாலு மணிக்கு இறக்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் சுவிசுக்கும் அதுக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். முன் இருக்கைத் திரை ஆறாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் என்று காட்டியது. வெள்ளைக்காரர் வெயில் தேடி ஓடுகிற மாதத்தில் விமானத்தில் பாதி இருக்கை காலி. பவானி மூன்று இருக்கையில் காலை நீட்டிப் படுத்தாள். கப்டனே வந்து எனக்குக் கைகொடுத்து, வசதியாக இருக்கிறதா என்று விசாரித்தார். பவானி அது சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பெடியன் என்கிறாள். சீருடை ஒன்றுதானே.

தவம் விமான நிலையத்துக்கு வரவில்லை. இல்லத்தில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள், விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு டாக்சியை அனுப்பியிருந்தான். சாரதியின் பெயர் ரமாசாமி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலில் போனவர்களின் வழி. முகம் எங்கள் ஊர்ப் பருத்தித்துறைக்காரர் மாதிரி, தமிழ் ஒரு சொல் தெரியாது. நான் ஆங்கிலத்தையும் டொச்சையும் கலந்து, கையையும் ஆட்டிக் கதைத்தேன். அவர் கொஞ்சம் ஆங்கிலம் வைத்திருந்தார்.

“சுற்றுலாக்காரர் நிறைய வருகிறார்களா?” என்று கேட்டேன்.

“போன வருடம் இந்த நேரம் ஒரு நாளைக்கு ஆறு ஓட்டம் ஓடினேன், மொசியோ. இன்றைக்கு நீங்கள்தான் முதல் ஆள்.” அப்போது நேரம் மாலை ஐந்து மணி.

“என் நண்பனின் இல்லம் முழுக்க நிறைந்துவிட்டதாமே,” என்றேன்.

ரமாசாமி கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருதரம் பார்த்தார். “அப்படியா. நல்லது,” என்றார். பிறகு அவர் கிரிக்கெட் பற்றிக் கேட்டார், நான் யாழ்ப்பாணத்தில் பந்து வீசிய காலத்தைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தெட்டுக் கிலோமீற்றர், நாற்பத்தைந்து நிமிடம், 75 யூரோ. சென் பிரான்சுவா என்ற கரையோர ஊர்.

தவம் வாசலில் நின்றான். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

“அண்ணை, வயிறு முன்னால வந்திட்டுது, நீங்கள் பின்னால வாறியள்.”

“உன்ர தலைமயிர் லோசானிலயே நிண்டிட்டுதோ?”

“அக்கா, இந்த மனுசனை இன்னும் வைச்சிருக்கிறியளே?”

“மாத்திக் கேட்டனான் தவம், றெசிட் இல்லையாம்,” என்றாள் பவானி.

இல்லம் வெள்ளைச் சுவர், நீல யன்னல், இரண்டு மாடி. கடல் நானூறு மீற்றர். எல்லாப் பல்கனியிலும் குளித்துத் துடைக்கிற துவாய் தொங்கியது. பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்தது. ஏழு அறை, ஏழிலும் ஆள். “எல்லாரும் எங்க?” என்று கேட்டேன். விடியவே கடலுக்குள் முக்குளிக்கப் போய்விடுவார்கள், மலையேறப் போவார்கள், இருட்டித்தான் வருவார்கள் என்றான். எங்களுக்கு, கீழ் மாடியின் பின்பக்கம், அவன் இருக்கிற பகுதியில் ஒரு அறை.

முதல் பத்து நாளும் சுற்றினோம். சிறிய கார் வாடகை நாளுக்கு 29 யூரோ. கார் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் அடுத்த ஞாயிறும் அங்கேயே நிற்பீர்கள். சுப்பர்மார்க்கெட்டில் தயிரும் அப்பிளும் பிரான்சிலிருந்து கப்பலில் வருவதால் சுவிஸ் விலை. சந்தையில் வாழைப்பழம் ஒரு சீப்பு 2 யூரோ, மீன் காலை எட்டுக்குள் போனால் மலிவு. சந்தையில் ‘கொலொம்போ’ என்று ஒரு தூள் விற்கிறார்கள், அதுதான் அவர்கள் நாட்டுக் கறித்தூள். பவானி மணந்து பார்த்துவிட்டு, “எங்கட தூளின்ர ஒண்டுவிட்ட தம்பி,” என்றாள். விற்ற கிழவிக்கு நான் எங்கள் கொழும்பு பற்றி அரை மணித்தியாலம் விளக்கினேன். அவ இன்னொரு பைக்கற் இலவசமாகத் தந்து எங்களை அனுப்பிவைத்தா.

ஆனால் கண் இருந்தால் தெரியும். கடற்கரைத் தெருவில் மூன்று கடைக்கு ஒன்று இரும்புக் கதவு இறக்கிக் கிடந்தது. ஒரு உணவகத்தில் முதலாளியே வாடிக்கையாளர் மேசையில் இருந்து, எங்களைக் கண்டதும் எழுந்து, தான் சாப்பிட்ட தட்டை ஒளித்தார். தெசிராத் என்ற சின்னத் தீவுக்குப் படகு, நாற்பத்தைந்து நிமிடம், போகவர 30 யூரோ. எண்பது பேர் ஏறுகிற படகில் பதினொரு பேர். படகுக்காரன் இன்னும் யாராவது வருவார்களா என்று பாதையைப் பார்த்துப் பார்த்து இருபது நிமிடம் பிந்தித்தான் கயிற்றை அவிழ்த்தான். அங்கே ஒருத்தரும் அழுது வடியவில்லை. எல்லோரும் நன்றாக உடுத்து, வாசலைக் கூட்டி, வராத ஆளுக்காகத் தயாராக இருந்தார்கள். எனக்கு எங்கள் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. ஓடர் இல்லாத நாளிலும் என் மெசினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பதினோராம் நாள் விடிய என்ன நடந்தது என்று எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். தவத்திடம் கேட்டேன். “எழுதுங்கோ, உங்களைப் பற்றியும் எழுதுங்கோ,” என்றான். அதனால் எழுதுகிறேன்.

அங்கே அடிக்கடி குழாயில் தண்ணீர் நின்றுபோகும். ஊருக்கே முறைவைத்து விடுகிறார்கள். எல்லா வீட்டிலும் வாளி நிறைத்து வைப்பார்கள். காலை ஆறு மணிக்கு முகம் கழுவ வாளி தேடி வெளியே வந்தேன். மேல் மாடி நடையில் தவம் நின்றான். ஒவ்வொரு அறை வாசலிலும் வாளியை வைத்து, துவாயை முக்கிப் பிழிந்து, பல்கனியில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். ஏழு அறைக்கும். கடைசியில் தள்ளி நின்று பார்த்தான். இரண்டு துவாய் ஒரே நேராகத் தொங்குகிறதென்று ஒன்றைக் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டான்.

நான் சத்தம் போடாமல் அறைக்குத் திரும்பினேன். பிறகு, அவன் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன நேரம், மேலே போய் ஒரு துவாயைத் தொட்டுப் பார்த்தேன். தூண் ஏரி ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பாக இருந்த அம்மா எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஆளைப் பார்க்க முதல் துவாயைப் பார் என்பது. கடலுக்குப் போன துவாயில் எத்தனை தரம் உதறினாலும் ஓரத் தையலுக்குள் மண் இருக்கும். வெயிலுக்குப் பூசுகிற எண்ணெய் மஞ்சளாகப் பிடித்திருக்கும். அங்கே மண்ணும் இல்லை, மஞ்சளும் இல்லை. வாளித் தண்ணீரின் ஈரம் மட்டும்தான். அந்தப் பாடத்தை இந்த உலகத்தில் என்னை விட நன்றாகப் படித்தவன் ஒருவன்தான். அவனே மண் போட மறந்துவிட்டான்.

பவானியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்.”

“எப்பிடி?”

“ஏழு அறை ஆக்களுக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கிறவன் ஒரு நாளைக்கு ரெண்டு பாணே வாங்குவான்? அந்த ரெண்டையும் நாங்கள்தானே தின்னிறம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் குர்ட்ஸ்ஆர்பைட் எண்டு அவனுக்குச் சொன்னியளே?”

அன்றைக்கு முழுக்க நான் கோபமாக இருக்க முயன்றேன். இல்லாத ஆட்களைக் காட்டி என் ஓய்வுப் பணத்தை இழுக்கப் பார்த்தான் என்று நினைத்தால் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் உடனே, நாற்பது பேருக்கு மேலே மேற்பார்வை, கெஞ்சுகிற முதலாளி என்று நான் தொங்கவிட்ட துவாய்களும் கண்ணுக்கு முன்னால் ஆடின.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தவம் தொலைபேசியோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

“அண்ணை, பிரான்சிலயிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். மூண்டு அறை, ஐஞ்சு நாள். நாலு மணிக்கு வந்திடுவினம்.”

“டேய், ஏழும் ஃபுல் எண்டாய்.”

அவன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு சொன்னான், “அண்ணை, பேசிறதெண்டால் ஆறு மணிக்குப் பிறகு பேசுங்கோ. இப்ப வந்து கட்டிலைப் பிடியுங்கோ.”

அந்த அறைகளைத் திறந்தபோதுதான் விளங்கியது. மாதக்கணக்காக ஆள் படுக்காத மெத்தை ஈரம் குடித்துக் கிடந்தது. சுவர் மூலையில் பூஞ்சணம். வேலைக்கு வந்த பெண்ணைப் போன வருடமே நிறுத்திவிட்டானாம். நேரம் பன்னிரண்டே முக்கால். பவானி சொல்லாமலே சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குளியலறைகளுக்குள் போனாள். நானும் தவமும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். விரிப்பை உதறினால் அந்தப் பக்கத்து நுனி அவன் கையில் விழுந்தது. மூலையை மடித்தோம், திரும்பினோம், தலையணை, அடுத்தது. ஒரு கட்டில் மூன்று நிமிடம். முப்பது வருடத்துக்கு முன்னும் மூன்று நிமிடம்தான். தூண் ஏரியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு காலையில் எண்பது அறை முடித்தவர்கள். தவம் முப்பது என்பான். அவனுக்குக் கணக்கு வராது.

இரண்டாவது அறையில், மெத்தையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வதற்கு மெத்தை நல்ல மறைப்பு.

“தவம், எனக்குக் கிழமைக்கு மூண்டு நாள்தான் வேலை. இலையுதிர்காலத்திலயிருந்து.”

அந்தப் பக்கம் தவம் மெத்தையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

“ஓய்வு எடுக்கச் சொல்லிக் கடிதம் தந்திருக்கினம். உன்ர பாதியை எடுத்துக்கொண்டு இஞ்ச வந்திடலாமெண்டுதான் வந்தனான்.”

“நாப்பது பேர்?”

“நாலு. அதில ஒருத்தன் பயிற்சிக்கு வந்த பெடியன்.”

தவம் மெத்தையைக் கீழே விட்டான். சிரிக்கத் தொடங்கினான். சிரித்துக்கொண்டே, பக்கத்தில் விரித்து முடித்த கட்டிலில் இருந்துவிட்டான். விரித்த கட்டிலில் இருக்கக்கூடாது என்பது இரண்டாவது பாடம், அதையும் மறந்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது.

“உயிர்த்த ஞாயிறோட குத்தகை முடியுது, அண்ணை. கூட ஒருத்தர் சேர்ந்தால்தான் வீட்டுக்காரன் நீட்டித் தருவான். உங்களிட்டக் காசு கிடக்குது, நீங்கள் எடுத்தால் நான் தப்பிடுவன் எண்டு நினைச்சன்.” கையை முழங்காலில் துடைத்தான். “அந்தக் கடிதத்தில கையெழுத்துப் போடாதேங்கோ. மூண்டு நாளெண்டாலும் அது நிரந்தர வேலை. இஞ்ச வந்து என்னோட சேர்ந்து வாளியில துவாய் முக்கப் போறியளோ?”

அந்த ஒரு கையெழுத்தில் அவனுடைய வீடு கிடந்தது. போடாதே என்று அவனே சொன்னான். நான் விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்து, “எழும்படா, விரிப்புச் சுருங்குது,” என்றேன்.

நாலு மணிக்குக் குடும்பம் வந்தது. மூன்று அறையும் பளிங்கு மாதிரி இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் அவர்கள் கடலில் குளித்து வந்து துவாய்களைப் பல்கனியில் போட்டார்கள். தவம் ஒன்றை எடுத்து என் முன்னால் உதறினான். சீமெந்துத் தரையில் மண் விழுந்த சத்தம் கேட்டது. “பாருங்கோ,” என்றான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

மிச்ச நாட்களில் நான் மேல் மாடிச் சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். பவானி அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் கொலொம்போத் தூளில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் போட்டாள். போகும்போது இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லுகிறோம் என்றார்கள். சொன்னார்கள். ஏழு பேர் கேட்டார்கள் என்று முதலில் எழுதினேனே, அவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஏப்ரலுக்குப் பதிந்துவிட்டார். ரமாசாமிதான் எங்களைத் திரும்ப விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார், இந்தமுறை 60 யூரோ. “உங்கள் நண்பனின் இல்லம் இன்னும் நிறைந்துதான் இருக்கிறதா?” என்று கேட்டார். “மூன்று அறை,” என்றேன். அவர் தலையாட்டினார். “மூன்று நல்லது.”

போக நினைப்பவர்களுக்கு: பெப்ரவரி, மார்ச்சில் வெயில் நல்லது, கூட்டம் இல்லை, விலையும் பேசலாம். ஆனால் மிஞ்சிப் பேரம் பேசாதீர்கள், அவர்களுக்கும் இறுக்கமான காலம். நுளம்புக் கடிக்குப் பூசுகிற மருந்து சுவிசிலேயே வாங்குங்கள். பிரெஞ்சு நாலு வசனம் படியுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படும். விடிய நாலு மணிக்குச் சேவல் கூவும், ஒருத்தரும் பொறுப்பில்லை. அங்கேயே போய் வாழ நினைத்தால், ஊரைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் ஒரு அறையின் மெத்தையைத் திருப்பிப் பாருங்கள், துவாயின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கையெழுத்தை அதுக்குப் பிறகு யோசிக்கலாம்.

என்னுடைய கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி கட்டிப்பிடித்து நன்றி சொன்னார் என்று எழுத ஆசைதான். வரவேற்பில் இருந்த பெண் வாங்கித் தட்டில் போட்டாள், அவ்வளவுதான். தவத்தின் வீட்டுக்காரன் இன்னும் முடிவு சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று கிழமை இருக்கிறது. கோடை விடுமுறையில் நானும் பவானியும் திரும்பப் போக இருக்கிறோம், வீடு அவன் கையில் இருந்தால் அறை துப்பரவாக்க, இல்லாவிட்டால் சாமான் கட்ட.

போன ஞாயிறு ஐந்து மணிக்கு அழைத்தேன்.

“எப்பிடிப் போகுது?” என்றேன்.

“நாலு துவாய், அண்ணை. மண்ணோட. உங்களுக்கு?”

“இந்தக் கிழமை ரெண்டு நாள்தான் தந்தவங்கள்.”

“சரி, இனிச் சொல்லுங்கோ,” என்றான் தவம்.